விடியற்காலைக் கனவும் ஒரு வேளை மாத்திரையும்

விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்று காஞ்சிபுரம் பக்கத்துத் தாமல் கிராமத்தில் யாரும் பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சொல்வதில்லை. அது பேச்சோடு பேச்சாக ஊறிப்போன நம்பிக்கை. அதற்குள் கூர்மையான கவனிப்பு ஒன்றும் இருக்கிறது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளெய்ட்மனும், மூடிய இமைக்குள் கண்கள் அங்குமிங்கும் ஓடும் ஒரு தூக்க நிலையை அறிவித்தார்கள். 'ரெம்' உறக்கம் என்று இன்று அதற்குப் பெயர். அந்த நேரத்தில் தட்டி எழுப்பினால் பெரும்பாலோர் ஒரு கனவைச் சொல்வார்கள். சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் இந்த உறக்கம் முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியல் நெருங்க நெருங்க நீளும். கோழி கூவும் நேரத்தில் கனவும் அதிகம், பாதியில் விழித்தால் அது நினைவில் நிற்பதும் அதிகம். பலிப்பது வேறு கதை.

மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை கைவைப்பது சரியாக இந்த இடத்தில்தான். மூளைத்தண்டில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் நாம் விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருக்கும், தூங்கும்போது மந்தமாகும், ரெம் உறக்கத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும். அவை அடங்கினால்தான் அந்த உறக்கம் வரும். ஃப்ளூஆக்ஸெடினும் எஸ்சிடலோபிராமும் (இரண்டுமே 2022ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை) மதகை இறக்கி ஏரித் தண்ணீரைத் தேக்குவதுபோல, செரோட்டோனினை நரம்புகளின் இடைவெளியில் தேக்கி வைக்கின்றன. ரெம் தாமதமாக வருகிறது, மொத்தத்தில் குறைகிறது. அப்படியானால் கனவும் குறைய வேண்டுமே? எண்ணிக்கையில் குறையத்தான் செய்கிறது. எட்வர்ட் பேஸ்-ஷாட்டின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், இதே வகையைச் சேர்ந்த பராக்ஸெடினையோ ஃப்ளூவாக்ஸமினையோ சாப்பிட்டவர்களுக்குக் காலையில் நினைவிருந்த கனவுகள் குறைந்தன. நினைவிருந்தவையோ முன்பைவிட அழுத்தமாக இருந்தன. ஆய்வில் இருந்த 14 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். ஆனால் அவர்களில் யாருக்கும் மனச்சோர்வு கிடையாது. "கனவு நோயால் வருவது, மருந்தின் மேல் பழி போடாதீர்கள்" என்பவர்களுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதியில் அவர்கள் சொல்வதும் நியாயம்: மனச்சோர்வே தூக்கத்தைக் கலைத்துக் கெட்ட கனவுகளைக் கொண்டுவரக்கூடியது. கனவு மாறியது மாத்திரை தொடங்குவதற்கு முன்பா, பின்பா என்று கேட்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

இதைவிட முக்கியமான கேள்வி, மாத்திரையை விட்ட நாள் எது என்பது. தாமலில் இருக்கும் ஒருவர் பாலுச்செட்டிசத்திரம் தாண்டிக் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான். நடவு, அறுப்பு என்றால் அந்தப் பயணம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். மாத்திரை அதற்குள் தீர்ந்துவிடும். எஸ்சிடலோபிராமின் பாதி அளவு சுமார் 30 மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். மனச்சோர்வுக்கே தரும் இன்னொரு மருந்தான வென்லஃபாக்ஸினுக்கு ஐந்து மணி நேரமே போதும். மதகு சட்டென்று திறந்ததும், அடக்கி வைத்திருந்த ரெம் உறக்கம் வட்டியோடு திரும்பி வரும். செத்துப்போன மாமனார் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவது இப்படிப்பட்ட இரவில்தான். வீட்டில் என்ன சொல்வார்கள்? "அந்தத் தூக்க மாத்திரையால வந்த வினை, இனிமே தொடாதே." மாத்திரை நின்றதால் வந்த கனவுக்கு மாத்திரையே குற்றவாளி ஆகிறது. ஃப்ளூஆக்ஸெடின் உடம்பைவிட்டுப் போக வாரங்கள் ஆகும் என்பதால் அதில் இந்தத் தொல்லை குறைவு.

ஆகவே மருந்து தரும்போதே கனவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. சொன்னால் பயந்துபோய்த் தொடவே மாட்டார்கள், சொன்னதாலேயே கனவு வரும் என்பார்கள் சிலர். எதிர்பார்ப்பே பக்கவிளைவைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் சொல்லாமல் விட்டால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. சகுனமும் செய்வினையும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வருவதில்லை என்றது 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு. அதையும் மீறி வந்தவரை ஒரு கனவுக்காக இழப்பது என்ன கணக்கு? மருந்து கொடுக்கும் ஜன்னலில், காகித உறையின் மேல் காலைக்கு மட்டும் ஒன்று என்பதை "1-0-0" என்று பேனாவால் எழுதிக்கொண்டே, "கொஞ்ச நாளைக்குக் கனவு பளிச்சுனு வரும்மா, பயப்படாதே, நீயா நிறுத்திடாதே" என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

அதற்கு மேலும் தொல்லை நீடித்தால் வழி இருக்கிறது. இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றுவது, அளவைக் குறைப்பது, வேறு மருந்துக்குப் போவது எல்லாம் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை. படபடப்புக்குச் சேர்த்துத் தரும் ப்ரொப்ரனலால் மாத்திரையும் கெட்ட கனவு தரக்கூடும். சாராயமும் முன்னிரவில் ரெம்மை அமுக்கிப் பின்னிரவில் கிளப்பிவிடும். இரண்டையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகலில் அதன் முடிவை மாற்றி, மாற்றிய கதையை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி உண்டு. பாரி கிராகவ் குழு 2001இல் 168 பெண்களிடம் இதைச் சோதித்து, கெட்ட கனவுகள் குறைந்ததைக் காட்டியது. அவர்கள் பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்கள்; மாத்திரைக் கனவுக்கும் அதே அளவு பலன் தரும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆனாலும் செலவில்லாத வைத்தியம். கனவில் அடிப்பவரின் கை நிஜமாகவே பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழுந்தால், கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தால், அது வேறு விஷயம். ரெம் உறக்கத்தில் தளர்ந்து கிடக்க வேண்டிய தசைகளை இந்த மருந்துகள் சிலருக்கு அவிழ்த்துவிடுகின்றன. அப்போது அடுத்த மாதச் சீட்டு வரைக்கும் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் கேட்டுக்கொண்டாவது உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.