கொடுக்க வந்தார், கேட்க உட்கார்ந்தார்: குளித்தலை மாந்தோப்பின் பிரெஞ்சுத் துறவி

துறையூரிலிருந்து முசிறி வந்து, காவிரிப் பாலத்தைத் தாண்டினால் குளித்தலை. அதை ஒட்டி, திருச்சி - கரூர் சாலையில் இருக்கிறது தண்ணீர்பள்ளி. ஆற்றங்கரைத் தோப்புக்குள் ஒரு கோயில். கோபுரம் உண்டு, கற்பூர ஆரத்தி உண்டு, சந்தனம், குங்குமம் உண்டு. உபநிடத வரிகளும் தமிழ்ப் பாட்டும் கேட்கும். ஆனால், அது சிவன் கோயிலும் இல்லை, பெருமாள் கோயிலும் இல்லை. கத்தோலிக்கத் துறவிகளின் சச்சிதானந்த ஆசிரமம். ஊர்க்காரர்களுக்கும் உலகத்துக்கும் 'சாந்திவனம்' என்றால்தான் தெரியும்.

குருவைத் தேடி வரும் வெள்ளைக்காரர்களைப் பார்ப்பது நமக்குப் பழகிவிட்டது. புத்தகயா, தர்மசாலா, ரிஷிகேஷ், திருவண்ணாமலை என்று எங்கே போனாலும் முதுகில் பை, கழுத்தில் ருத்ராட்சம். பீட்டில்ஸ் குழுவினர் ரிஷிகேஷுக்கு வந்தது 1968-ல். அதற்கு 20 வருடங்களுக்கு முன்பே குளித்தலைக்கு ஒருவர் வந்து இறங்கினார். அவர் குருவைத் தேடி வந்தவர் அல்ல என்பதுதான் இந்தக் கதையின் ருசியே.

அவர் பெயர் ஆன்றி லெ சோ. 1910-ல் பிரான்ஸின் பிரித்தானி கடலோரத்தில் பிறந்தவர். 19 வயதில் பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்து, 1935-ல் குருப்பட்டம் பெற்றார். இந்தியா மீது அவருக்கு இளம் வயதிலேயே ஈர்ப்பு. ஆனால், மடத்தின் அனுமதி கிடைக்கவே ஒரு மாமாங்கத்துக்கு மேல் ஆனது. 1947-ல் திருச்சி ஆயர் மெந்தோன்சாவுக்குக் கடிதம் போட்டார். ஆயர் அதை குளித்தலையில் இருந்த இன்னொரு பிரெஞ்சுக்காரரிடம் தள்ளிவிட்டார். அவர்தான் ஜூல் மொன்ஷானின். 1939-லேயே இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டத்தில் பங்குச் சாமியாராக ஊர் ஊராக வேலை பார்த்தவர். பெரிய படிப்பாளி.

1948 ஆகஸ்ட் 15. இந்தியா முதல் சுதந்திர தினத்தைக் கொண்டாடிய அன்று லெ சோ கொழும்பில் கப்பலிலிருந்து இறங்கினார். அங்கிருந்து குளித்தலை. அதன்பிறகு சாகும்வரை அவர் பிரான்ஸுக்குத் திரும்பவே இல்லை.

இரண்டு பேரின் திட்டமும் தெளிவாக இருந்தது. இந்து ஞானம் உயர்ந்ததுதான், ஆனால் அது கிறிஸ்துவில்தான் முழுமை பெறும் என்று நம்பினார்கள். அதற்கு கோட்டும் அங்கியும் போட்டுக்கொண்டு பிரசங்கம் செய்தால் ஆகாது. காவி கட்டி, காய்கறி உணவு சாப்பிட்டு, குடிசையில் இருந்து, இந்தியத் துறவிபோலவே வாழ்ந்து காட்ட வேண்டும். அதாவது, அவர்கள் வந்தது ஏதோ ஒன்றைக் கொடுக்க.

ஒளிவட்டம் தெரியவில்லை!

1949 ஜனவரியில் மொன்ஷானின் அவரைத் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போனார். ரமண மகரிஷி அப்போது உயிரோடு இருந்தார். லெ சோ பலமான எதிர்பார்ப்போடு போனார். ஹாலில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தார். எதிரில் இருந்தவர் ஒரு சாதாரணக் கிழவர். தன் தாத்தாவின் ஞாபகம்தான் அவருக்கு வந்தது. அந்தத் தலையைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறதா என்று தேடிப் பார்த்து ஏமாந்ததைப் பின்னாளில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அங்கே தங்கியிருந்த எதெல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியிடம் தன் குறையைச் சொன்னார். அந்த அம்மா தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. நீங்கள் மூட்டை முடிச்சோடு வந்திருக்கிறீர்கள், உங்களுக்குக் கிடைக்க வேண்டியது நீங்கள் போட்டுவைத்த பாதையிலேயே வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள், காலியாக இருங்கள், சும்மா காத்திருங்கள் என்ற அர்த்தத்தில் போட்டு உடைத்துவிட்டார். நிறைந்த சொம்பை ஆற்றில் முக்கினால் என்ன தண்ணீர் ஏறும்?

அதன்பிறகு லெ சோ ஹாலில் வேறு மாதிரி உட்கார்ந்தார். அங்கே காலையிலும் மாலையிலும் ஓதப்பட்ட வேதம் அவரை உள்ளே போய்த் தொட்டது. காய்ச்சலும் வந்தது. காய்ச்சல் கனவுகளில் எல்லாம் மகரிஷியின் முகம்.

அந்த வருடமே இரண்டாவது முறையும் போனார். மகரிஷிக்கு அப்போது கையில் புற்றுநோய்க் கட்டி. 1950 மார்ச் 21-ல் தண்ணீர்பள்ளி மாந்தோப்பில் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். மொன்ஷானின் 'பரம அரூபி ஆனந்தம்' ஆனார். லெ சோ 'அபிஷிக்தானந்தர்' ஆனார். சரியாக 24 நாள் கழித்து, ஏப்ரல் 14-ல் ரமணர் மறைந்தார்.

ஆசிரமம் தொடங்கியாயிற்று. சீடர்கள்? வந்தவர்கள் நிலைக்கவில்லை. அபிஷிக்தானந்தருக்கும் தோப்பில் கால் தங்கவில்லை. 1952-லிருந்து அடிக்கடி அருணாசல மலைக் குகைகளில் போய் மௌனமாக இருந்தார். கும்பகோணத்தில் ஒரு தனி அறைக்குள் ஒரு மாதம் பேசாமல் கிடந்தார். மொன்ஷானினுக்குக் கவலை. நண்பர் அத்வைதத்துக்குள் போய்த் திரும்ப முடியாமல் ஆகிவிடுவாரோ என்ற கவலை. அதோடு சிகிச்சைக்காக பிரான்ஸ் போனவர் 1957 அக்டோபரில் பாரிஸில் இறந்துபோனார்.

திருக்கோவிலூர் தாத்தா

அதற்கு முன்பே, 1955 டிசம்பரில், அபிஷிக்தானந்தர் திருக்கோவிலூர் பக்கம் போனார். அங்கே தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகள் இருந்தார். அவருக்கு 100 வயது தாண்டிவிட்டது என்பது பக்தர்களின் நம்பிக்கை. ரமணர் விஷயத்தில் தயக்கமும் ஏமாற்றமும் முதலில் வந்தன. இங்கே அப்படி எதுவும் இல்லை. நீண்ட நாள் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருந்தது.

சரி, வந்ததற்குக் கேட்டுவிடுவோம் என்று பெரிய கேள்வியாகத்தான் எடுத்தார். துவைதமா, அத்வைதமா? சுவாமிகள் அதில் இறங்கவே இல்லை. இந்தக் கேள்விகளால் என்ன பயன், பதில் உனக்குள்ளேயே இருக்கிறது, தியானம் செய் என்று முடித்துவிட்டார். பேச்சு தமிழில் நடந்தது. தமிழ் படித்துவைத்திருந்ததற்கு அதைவிடப் பெரிய பலன் அவருக்கு வேறு எங்கும் கிடைத்திருக்காது. அடுத்த வருடம் மார்ச்சில் மறுபடி போய் சில வாரங்கள் தங்கினார். 'இவர்தான் என் குரு' என்று அவர் மனம் முடிவு செய்துவிட்டது.

குரு கிடைத்துவிட்டார், சுபம் என்று இங்கேயே முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், சிக்கல் ஆரம்பித்ததே இங்கேதான்.

அவர் கத்தோலிக்கக் குரு. தினமும் பூசை வைப்பவர். மற்ற மதங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் மதிக்கிறோம் என்று வத்திக்கான் சங்கம் அறிவித்ததே 1965-ல்தான். அதற்குப் பத்து வருடம் முன்பு ஒரு பாதிரியார் இந்துச் சாமியாரின் காலடியில் உட்காருவது என்றால் சும்மாவா? அவர் யாருக்கும் பதில் சொல்வதைவிடத் தனக்குத்தானே பதில் சொல்லத்தான் திணறினார். இந்த அனுபவம் உண்மையென்றால் என் நம்பிக்கை என்ன ஆகும்? என் நம்பிக்கை உண்மையென்றால் இந்த அனுபவத்தை என்ன செய்வது? வருடக்கணக்காக டைரியில் இதையே எழுதி எழுதி மாய்ந்தார். அவர் இறந்த பிறகு அந்த டைரி புத்தகமாக வந்தது. சபையை விட்டு விலகி ஒரே முடிவாக எடுத்திருக்கலாம். குருவை மறந்துவிட்டும் இருந்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அந்த நேர்மைதான் அவரை வெறும் 'காவி கட்டிய வெள்ளைக்காரர்' என்று ஒதுக்க விடாமல் செய்கிறது.

காவி கட்டிய வெள்ளைக்காரரைக் கண்டால் நம்மிடம் இரண்டு பார்வைதான். 'பார்த்தீங்களா, அவங்களே நம்மைத் தேடி வர்றாங்க' என்ற பெருமை ஒன்று. 'மதம் மாத்த வந்த வேஷம்' என்ற சந்தேகம் இன்னொன்று. சாந்திவனம் மீது அந்தச் சந்தேகம் அச்சிலேயே வந்தது. அதில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தொடக்கத் திட்டம் அப்படித்தானே இருந்தது? ஆனால், திட்டம் போட்டு வந்தவரையே இந்த மண் மாணவராக்கிவிட்டது.

1968-ல் அவர் தோப்பை விட்டுக் கிளம்பி, உத்தரகாசி அருகே கங்கைக் கரைக் குடிலுக்குப் போய்விட்டார். சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி ஏற்றுக்கொண்டார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1993-ல் அங்கேயே இறக்கும்வரை அவர் இருந்த 25 வருடங்களில்தான் உலகம் முழுவதிலுமிருந்து தேடல்காரர்கள் குளித்தலைக்கு வழி கேட்டு வந்தார்கள்.

அபிஷிக்தானந்தரின் கடைசி அத்தியாயம் ஒரு பஸ்ஸுக்காக ஓடியதில் தொடங்கியது. 1973 ஜூலை 14, ரிஷிகேஷ் கடைவீதி. பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர் மாரடைப்பால் நடைபாதையில் விழுந்தார். அந்தக் கிடையிலேயே அவருக்கு எல்லாம் தெளிந்துவிட்டதாம். சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவில் கிடந்ததை ஓர் ஆனந்த அனுபவமாக நண்பர்களுக்கு எழுதினார். டிசம்பர் 7-ல் இந்தூரில் காலமானார். அவர் உடல் பிற்பாடு தண்ணீர்பள்ளிக்கே கொண்டுவரப்பட்டது. திருக்கோவிலூர் சுவாமிகள் சமாதியானது 1974 ஜனவரியில். சீடர் முந்திக்கொண்டார்.

உறையூரிலிருந்து பெருமாள்மலை வரை

குருவைத் தேடிக் கடல் தாண்டுவது வெள்ளைக்காரர்களின் சொத்து அல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌத்த ஆசிரியர் புத்ததத்தர் உறையூர்க்காரர். அனுராதபுரம் போய்ப் படித்து, சோழ நாட்டுக்குத் திரும்பி, காவிரிக் கரை விகாரையில் இருந்து பாலி மொழியில் நூல்கள் எழுதினார். இன்று அந்த விகாரைகள் இல்லை. பௌத்த குருவைத் தேடி திருச்சிப் பக்கம் வருகிறவருக்கு யார் வழிகாட்டுவார்கள்?

பதில் கொடைக்கானல் மலையில் இருக்கிறது. அங்கே போகிற வழியும் குளித்தலை வழிதான்.

அருள் மரிய ஆரோக்கியசாமி, 1936-ல் பர்மாவில் பிறந்த தமிழர். இயேசு சபைத் துறவி. ரமணரின் வழி அவருக்கு அறிமுகமானது அபிஷிக்தானந்தர் மூலமாக. இந்து ஆசிரமம், பௌத்தத் தியான மையம் என்று அலைந்தார். கொஞ்ச காலம் பிச்சையெடுத்துத் திரிந்தார். என்னோமியா லசால் என்ற ஜெர்மன் பாதிரியார் (1945-ல் ஹிரோஷிமா குண்டுவீச்சில் காயத்தோடு தப்பியவர்) ஜப்பானுக்கு வழி செய்துகொடுத்தார். அங்கே யமதா கோஉன் என்ற ஜென் குருவிடம் பயிற்சி. 1982-ல் தானே கற்றுக்கொடுக்கும் அனுமதி. 1996-ல் கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் 'போதி ஜென்டோ' தொடங்கினார்.

ஜப்பானின் பௌத்த தியானத்தை, ஒரு தமிழ்ப் பாதிரியாரிடம் கற்றுக்கொள்ள ஐரோப்பாவிலிருந்து மலையேறி வந்தார்கள். விடியலுக்கு முன்பே எழுந்து, மெத்தையில் சம்மணம் போட்டு, பேசாமல் உட்கார வேண்டும். புதிதாக வருகிறவருக்கு ஜென்னில் கொடுக்கும் முதல் வேலை, மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவது. நடுவில் மனம் எங்காவது போய்விட்டால், மறுபடி ஒன்றிலிருந்து.