பூசாரி இல்லை, பாட்டு இல்லை, ஓட்டெடுப்பும் இல்லை! மௌனத்தில் கூடும் குவேக்கர்கள்

ஓட்ஸ் பாக்கெட்டில் தொப்பி போட்டுச் சிரிக்கும் வெள்ளைமுடித் தாத்தாவைப் பார்த்திருப்பீர்கள். 'குவேக்கர்' என்பது வெறும் பிராண்ட் பெயர் அல்ல. இங்கிலாந்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவின் பெயர். நேர்மைக்குப் பேர்போனவர்கள் என்பதால், 1877-ல் ஓர் அமெரிக்க ஓட்ஸ் கம்பெனி அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. மற்றபடி இருவருக்கும் சம்பந்தமே இல்லை!

யார் இவர்கள்?

1624-ல் பிறந்த ஜார்ஜ் ஃபாக்ஸ் ஒரு நெசவாளியின் மகன். 'கடவுளை அறிய நடுவில் ஆள் தேவையில்லை. ஒவ்வொருவருக்குள்ளும் அந்த ஒளி இருக்கிறது' என்றார். அவரைப் பின்பற்றியவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். கடவுளின் வார்த்தைக்கு முன் நடுங்கச் சொன்னதால், 1650-ல் ஒரு நீதிபதி கேலியாக வைத்த பெயர்தான் 'குவேக்கர்', அதாவது நடுங்குபவர்.

எல்லோரும் சமம் என்பதால், பெரிய மனிதர்கள் முன்னால் தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். எப்போதுமே உண்மைதான் பேச வேண்டும், பிறகு கோர்ட்டில் மட்டும் தனியாக எதற்குச் சத்தியம் என்று கேட்டார்கள். இதற்காகப் பலர் ஜெயிலுக்கும் போனார்கள்.

வழிபாடு எப்படி?

பலிபீடம் இல்லாத எளிய அறை. சுமார் ஒரு மணி நேரம் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். மனதுக்குள் உந்துதல் வந்தால் ஆணோ பெண்ணோ எழுந்து பேசலாம். பேசியவருக்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை, மீண்டும் மௌனம். கடைசியில் கைகுலுக்குவார்கள், அவ்வளவுதான். புதிதாக வருபவர் கடைசி வரை பேசாமலே இருக்கலாம். ஆனால், உலகிலேயே குவேக்கர்கள் அதிகமுள்ள கென்யா போன்ற இடங்களில் பாட்டு, பிரசங்கம் எல்லாம் உண்டு.

நிர்வாக முடிவுகளுக்கும் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோர் மனமும் ஒத்துவரும்வரை காத்திருப்பார்கள்.

காத்திருப்பின் விலை

அந்தக் காத்திருப்புக்கு அடிமைகள் கொடுத்த விலை பெரிது. அமெரிக்கக் குவேக்கர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். 1688-ல் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அதை எதிர்த்து மனு எழுதினார்கள். 'எங்களால் தீர்க்க முடியாத பெரிய விஷயம்' என்று ஒவ்வொரு கூட்டமும் அதை மேலே தள்ளிவிட, மனு கிடப்பில் போனது.

1738-ல் பெஞ்சமின் லே என்ற குவேக்கருக்குப் பொறுமை போய்விட்டது. சுமார் நான்கடி உயர மனிதர். உள்ளே குடைந்த புத்தகத்தில் சிவப்புப் பழச்சாற்றை ஒளித்துவைத்து, கூட்டத்தின் நடுவே அதை வாளால் குத்தினார். 'ரத்தம்' தெறித்தது! அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள், சபையிலிருந்தும் நீக்கினார்கள்.

ஆனால், 1758-ல் அதே சபை, அடிமைகளை வாங்கி விற்பவர்களைத் தன் நிர்வாகத்திலிருந்து விலக்கியது. அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, அடுத்த ஆண்டு லே இறந்தார். 1776-ல் அடிமை வைத்திருப்பதற்கே தடை வந்தது. மனு எழுதி 88 ஆண்டுகள்!

பிறகு அவர்கள் நிற்கவில்லை. 1787-ல் லண்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்க 12 பேர் குழு அமைத்தபோது, அதில் 9 பேர் குவேக்கர்கள்.