அட்டையில் ஒரே கோடு, உடம்பிலோ மசக்கை!
“இல்லை” என்று காட்டினாலும் கர்ப்பம் இருக்கலாம்: வலி வந்தால் காத்திருக்கக் கூடாது

குன்றக்குடி:

“கார்டு இல்லைங்குது, உடம்பு இருக்குங்குது. நான் எதை அத்தை நம்புறது?”

சண்முகநாதருக்கு வேண்டிக்கொண்டு, கார்த்திகைதோறும் குன்றக்குடி மலைப்படி ஏறும் ஒரு மருமகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் தள்ளி மூன்று நாளாகிறது. காலையில் குமட்டல். தாளிக்கிற வாசனை ஆகவில்லை. மார்பு கனக்கிறது. ஆனால் மருந்துக் கடையில் வாங்கிய அட்டையில் விழுந்தது ஒரே கோடு!

“என்ன ஆத்தா, இந்த மாசமும் இல்லையா?” என்று மாமியார் கேட்டதும் கண்ணில் நீர் முட்டுகிறது.

அழ வேண்டாம். அந்த ஒரு கோடு கடைசித் தீர்ப்பு அல்ல.

ஏன் இப்படி?

அட்டை கருவைப் பார்ப்பதில்லை. சிறுநீரில் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் போதிய அளவு இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. கருமுட்டை வெளிவந்து 6 முதல் 12 நாட்களுக்குள் கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகுதான் இந்த ஹார்மோன் சுரக்கும். தொடக்கத்தில் ஏறக்குறைய 2, 3 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஆகவே திங்கட்கிழமை “இல்லை” என்ற அட்டை, வியாழக்கிழமை “உண்டு” என்று சொல்லலாம்.

மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்குக் கணக்கு இன்னும் குழம்பும். முட்டை பத்து நாள் தாமதமாக வெளிவந்தால், கருவும் பத்து நாள் இளையதுதான். நாள் தள்ளிவிட்டது என்று நாம் நினைப்போம். அட்டைக்கு அது அவசரச் சோதனை!

சோதனையில் செய்யும் தவறு

சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மத்தியானம் சோதித்தால் சிறுநீர் நீர்த்துப்போயிருக்கும். காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரே நல்லது. உறையில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்று அதில் எழுதியிருப்பதை அப்படியே செய்யுங்கள். அரை மணி கழித்துக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. “சி” என்ற இடத்தில் கோடே விழாவிட்டால் அந்த அட்டை பழுது. வேறு வாங்க வேண்டும்.

மசக்கை மாதிரி, ஆனால் மசக்கை இல்லை!

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாதவிடாய்க்கு முன் இயல்பாகச் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனே மார்பு வலி, வயிற்று உப்புசம், அசதி எல்லாம் தரும். தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, மனக்கவலை, உடல் எடை ஏற்ற இறக்கம் ஆகியவற்றாலும் நாள் தள்ளும். குமட்டலும் சோர்வும் மஞ்சள் காமாலையின் அறிகுறியாகவும் இருக்கலாம். எனவே, “முழுகாம இருக்கா” என்று ஊருக்குச் சொல்வதும் அவசரம். “இல்லவே இல்லை” என்று முடிவு கட்டுவதும் அவசரம்.

என்ன செய்வது?

மூன்று நாள் கழித்துக் காலையில் மறுபடி சோதியுங்கள். அப்போதும் ஒரே கோடு, மாதவிடாயும் வரவில்லை என்றால், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அதற்கும் பதில் இல்லையென்றால் டாக்டரிடம் போக வேண்டும். ரத்தப் பரிசோதனை, அட்டையால் காண முடியாத சிறு அளவு ஹார்மோனையும் காட்டிவிடும். தேவைப்பட்டால் ஸ்கேன்.

அதுவரை, “நாள் வர்றதுக்கு மாத்திரை குடுங்க” என்று கடையில் கேட்டு வாங்கி விழுங்க வேண்டாம். வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தவும் வேண்டாம்; டாக்டரைக் கேளுங்கள்.

இது மட்டும் அபாயம்!

நூறு கர்ப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு, கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகிறது. அங்கே ஹார்மோன் மந்தமாகவே ஏறலாம். அபூர்வமாக அட்டையும் “இல்லை” என்று ஏமாற்றும். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து.

அடிவயிற்றில், அதுவும் ஒரு பக்கமாகக் கடும் வலி, ரத்தக் கசிவு, தோள்பட்டை வலி, தலைசுற்றி மயக்கம். நாள் தள்ளியிருக்கும்போது இவற்றில் எது வந்தாலும் “சூட்டு வலிதான், சரியாப் போயிடும்” என்று சீரகத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். குன்றக்குடியிலிருந்து காரைக்குடி சுமார் 10 கிலோமீட்டர்தான். ராத்திரி என்றால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள்.

இரண்டு கோடு விழுந்துவிட்டதா? அதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் உடனே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். முதல் 12 வாரத்துக்குள் பதிவு செய்தால் தாய்க்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

கோட்டை எண்ணுவது வீட்டு வேலை. வயிற்றில் இருப்பது என்ன என்று சொல்வது டாக்டர் வேலை!