துருப்பிடித்த மஸ்டாங்குக்கு 37 லட்சம் டாலர்: பழைய கார்களில் 'ஒரிஜினல்' ஏன் முக்கியம்?

2020 ஜனவரி. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மீக்கம் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு பச்சை நிற 1968 ஃபோர்டு மஸ்டாங். பெயின்ட் மங்கியிருந்தது, ஆங்காங்கே துரு. ஆனாலும் கட்டணத்தோடு 37.4 லட்சம் டாலருக்குப் போனது!

'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய கார் அது. 1974-ல் ஒரு குடும்பம் சுமார் 6,000 டாலருக்கு வாங்கியது. 1977-ல் மெக்வீனே கேட்டும் கொடுக்கவில்லை. பெயின்ட் அடித்துப் புதுசாக்கவும் இல்லை. ஷூட்டிங்குக்காக கேமரா பொருத்திய தடயங்கள்கூட அழியாமல் இருந்தன.

எல்லா காருக்கும் சினிமா புகழ் கிடைக்காது. ஆனால் கணக்கு ஒன்றுதான். புது பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். போன ஃபேக்டரி பெயின்ட் திரும்ப வராது.

வாங்குபவர் என்ன பார்க்க வேண்டும்?

எஞ்சினில் பொறித்த எண் சேசிஸ் நம்பரோடு பொருந்துகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கலாம். அடுத்து, பாடியில் சின்ன காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டாத இடத்தில், உள்ளே துருவை மறைத்துப் பட்டி பூசியிருக்கக்கூடும்.

விற்பவர்?

'பளபளன்னு ஆக்கி வித்துடலாம்' என்று அவசரப்பட வேண்டாம். பழைய பில், சர்வீஸ் ரசீது எல்லாம் பணம்தான். பிரேக், டயர் போன்றவற்றைப் பாதுகாப்புக்காக மாற்றியே ஆக வேண்டும். அதை மறைக்காமல் சொல்லி, கழற்றிய பாகங்களையும் காரோடு கொடுத்தால் நம்பிக்கை கூடும். விலையும்தான்.