‘குலா’ கேட்கும் உரிமை பெண்ணுக்கு… சான்றிதழ் கொடுக்கும் உரிமை யாருக்கு?

ஜமாத்தின் லெட்டர்பேடு, ஒரு முத்திரை, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. தமிழ்நாட்டில் ஒரு முஸ்லிம் தம்பதியின் மணவாழ்வு முடிந்துவிட்டது என்பதற்குப் பல ஆண்டுகளாகக் காட்டப்பட்டு வந்தது இப்படியொரு தாள்தான். மறுமணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டில் கேட்பதும், நிக்காஹ் நடத்த இன்னொரு ஊர் ஜமாத் கேட்பதும் அதைத்தான்.

அதே தாளை கோர்ட்டில் நீட்டினால் செல்லுமா? செல்லாது. இதைச் சென்னை உயர் நீதிமன்றம் ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லிவிட்டது.

2016 டிசம்பரில், சென்னை அண்ணா சாலை மக்கா மசூதி வளாகத்தில் இயங்கிய ஷரீஅத் கவுன்சில் நீதிமன்றம் போலச் செயல்படக் கூடாது என்று உத்தரவு வந்தது. அடுத்த மாதமே, வழக்கறிஞரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான பதர் சயீத் தொடர்ந்த வழக்கில் இன்னொரு உத்தரவு. தலாக் குறித்து தலைமை காஜி கொடுக்கும் சான்றிதழ் வெறும் கருத்துதான், காஜிகள் இனி அதைக் கொடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். 2023 ஜனவரியில், ஒரு பெண்ணுக்கு ஷரீஅத் கவுன்சில் கொடுத்திருந்த குலா சான்றிதழ் ரத்தானது. குலா கேட்க அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு, ஆனால் அதற்குப் போக வேண்டிய இடம் குடும்பநல நீதிமன்றம் என்றார் நீதிபதி.

2024 அக்டோபரில் மதுரைக் கிளை விசாரித்த வழக்கு இன்னும் கசப்பானது. கணவர் தலாக் சொல்லிவிட்டதாகக் கூறி, ஷரீஅத் கவுன்சில் சான்றிதழையும் வாங்கிவைத்து, இரண்டாவது திருமணமும் செய்துகொண்டார். முதல் மனைவியோ தலாக்கையே மறுத்தார். தலாக் செல்லுமா என்று மனைவி கேள்வி எழுப்பினால், கணவர்தான் கோர்ட்டுக்குப் போய் நிரூபிக்க வேண்டும். அதுவரை திருமணம் நீடிப்பதாகவே பொருள் என்றது தீர்ப்பு. மனைவிக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற உத்தரவும் உறுதியானது.

(2019-ல் வந்த முத்தலாக் சட்டத்துடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒரே மூச்சில் சொல்லும் தலாக்கைக் குற்றமாக்கியது. இங்கே பேசுவது மற்ற வகை மணமுறிவுகளைப் பற்றி.)

அப்படியானால் காஜி யார்?

முகலாயர் காலத்தில் காஜி என்றால் நீதிபதி. கம்பெனி ஆட்சியில் அந்த அதிகாரம் படிப்படியாகத் தேய்ந்தது. 1864-ல், அரசு காஜிகளை நியமிக்கும் வழக்கத்தையே பிரிட்டிஷ் அரசு கைவிட்டது. ஆனால் நிக்காஹுக்கு அரசு நியமித்த காஜி வர வேண்டும் என்ற பழக்கம் பல இடங்களில் இருந்ததால் சிக்கல் ஆனது. 1880-ல் காஜிகள் சட்டம் கொண்டுவந்து பதவியைத் திருப்பித் தந்தார்கள். அதிகாரத்தை அல்ல! காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது, அவர் இல்லாமலும் நிக்காஹ் நடக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவே சொல்கிறது. 2017-ல் உயர் நீதிமன்றம் சொன்னது புதுசே இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. இஸ்லாமியச் சட்டமே முஃப்தியையும் காஜியையும் பிரித்துத்தான் பார்க்கிறது. முஃப்தி கொடுக்கும் ஃபத்வா, கேட்டவருக்கான மார்க்க விளக்கம், யாரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது காஜியின் தீர்ப்பு, அந்த அதிகாரம் ஆட்சியாளரிடமிருந்து வருகிறது. 2014-ல் உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. ஃபத்வா கொடுப்பதற்குத் தடை இல்லை, ஆனால் யார் மீதும் அதைத் திணிக்க முடியாது. ஆகவே, ‘கோர்ட் மதத்தில் தலையிடுகிறது’ என்ற வாதம் இங்கே அவ்வளவு எடுபடாது.

ஒரு தோட்டத்தின் கதை

குலா என்பது மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு. வழக்கமாக, வாங்கிய மஹரைத் திருப்பிக் கொடுப்பார். இதற்கு ஆலிம்கள் காட்டும் ஹதீஸ் ஒன்று உண்டு. ஸாபித் இப்னு கைஸ் என்பவரின் மனைவி நபிகளிடம் வந்து, கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறையில்லை, ஆனாலும் சேர்ந்து வாழ முடியவில்லை என்கிறார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தரச் சம்மதமா என்று கேட்கப்படுகிறது. சம்மதிக்கிறார். தோட்டத்தை வாங்கிக்கொண்டு விவாகரத்து கொடுக்கும்படி ஸாபித்திடம் நபிகள் சொல்கிறார்.

அது கட்டளையா, அறிவுரையா? மொத்தச் சண்டையும் இந்த ஒரு கேள்வியில்தான். அறிவுரை என்றால், கணவர் சம்மதிக்காமல் குலா இல்லை. ஹனஃபி உள்ளிட்ட மரபுவழி மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்து இதுதான். கட்டளை என்றால், கணவர் முரண்டு பிடித்தாலும் மணமுறிவு உண்டு. பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 1967-லும், எகிப்து 2000-ல் சட்டம் போட்டும் இரண்டாவது பக்கம் சாய்ந்தன.

இந்தியாவில் இந்தப் பூட்டை முதலில் திறக்கப் பார்த்தது ஒரு மவ்லானாதான். ஹனஃபி சட்டப்படி, கணவன் காணாமல் போனால் அவனுக்கு 90 வயதாகும் காலம்வரைகூடக் காத்திருக்க வேண்டிய நிலை. வேறு வழி தெரியாமல் மதத்தை விட்டே வெளியேறினார்கள் பஞ்சாபில் சில பெண்கள். அதிர்ந்துபோன அஷ்ரஃப் அலி தானவி, மாலிக்கி மத்ஹபிலிருந்து தீர்வுகளை எடுத்து 1930-களின் தொடக்கத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதுதான் 1939-ம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்துக்கு வழி போட்டது. கணவனைப் பற்றி 4 ஆண்டுகள் தகவல் இல்லை, 2 ஆண்டுகள் செலவுக்குப் பணம் தரவில்லை என்றால் மனைவி கோர்ட்டுக்குப் போகலாம்.

வழக்கை முஸ்லிம் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்றும் உலமாக்கள் கேட்டார்கள். மசோதாவில் இருந்த அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. உலமாக்கள் வழிபோட்ட சட்டம், அவர்கள் கேட்ட நீதிபதி இல்லாமலே நிறைவேறியது.

வாளையாறு தாண்டினால்…

2021 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம், குலாவுக்குக் கணவர் சம்மதம் தேவையில்லை என்றது. சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும், மஹரைத் திருப்பித் தர மனைவி முன்வந்திருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் குடும்பநல நீதிமன்றம் சுருக்கமாக விசாரித்து உறுதி செய்யும், அவ்வளவுதான். மறுஆய்வு மனு வந்தபோது, சட்டப் பயிற்சி இல்லாத மதகுருமாரின் கருத்துக்குச் சரணடைய முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. 2025 ஜூனில் தெலங்கானா உயர் நீதிமன்றமும் இதே பாதையில், முஃப்தி தரும் குலா சான்றிதழ் ஆலோசனை மட்டுமே என்றது.

இந்தத் தீர்ப்புகள் தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. மேற்கோள் காட்டி வாதாடலாம். பொள்ளாச்சியில் இருக்கும் பெண் கோர்ட் படியேறித் தேதி தேதியாக அலைந்து டிகிரி வாங்கினாலும், மறுமணத்தன்று ஊர் ஜமாத் தன் பதிவேட்டைத்தான் புரட்டுகிறது. திருமணங்களைக் கட்டாயம் பதிவு செய்ய இங்கே 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. ஜமாத்தில் நடக்கும் மணமுறிவைப் பதிவு செய்யும் வழி அதில் இல்லை.