அலை மோதும் பாறையில் கோபுரம் நிற்பது எப்படி?

ஆனியில் தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்று, இலங்கையின் தென்கிழக்கே கிரிந்தைக் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. கரையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது கிரேட் பாசஸ் பாறைத்திட்டு. சிங்களவர்களுக்கு அது பெரிய ராவணன் கோட்டை. நீருக்கு மேல் கொஞ்சம்தான் தெரியும், கப்பல்களுக்கு எமன். 1961-இல் அதன் அருகே மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலில் ஔரங்கசீப் காலத்து வெள்ளிக்காசுகள் கட்டிகட்டியாகக் கிடைத்தன.

கப்பல்களை எச்சரிக்க அந்தப் பாறையில் கலங்கரை விளக்கம் தேவைப்பட்டது. முதலில் இரும்புக் கோபுரம் கட்ட முயன்று கைவிட்டார்கள். பிறகு பொறியாளர் ஜேம்ஸ் டக்ளஸ் கற்கோபுரம் வடிவமைத்தார். தம்பி வில்லியம் அங்கேயே நின்று கட்டினார். கருங்கல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது.

கருங்கல் கனமானதுதானே, போதாதா? போதாது. அலை வெளியிலிருந்து தள்ளுவதோடு நிற்பதில்லை. இடுக்கில் புகும் நீர் கற்களைப் பிரித்துத் தள்ளும். ஆகவே ஒரு கல்லில் நுனி விரிந்த நாக்கு, பக்கத்துக் கல்லில் அதே வடிவில் பள்ளம். தச்சர் மேசை இழுப்பறையின் மூலையைக் கோப்பதுபோல! மேல்வரிசையும் கீழ்வரிசையும்கூட இப்படியே கவ்விக்கொள்ளும். இனி ஒரு கல்லை அசைக்க வேண்டுமானால் சுற்றியுள்ள அத்தனையையும் அசைக்க வேண்டும்.

அடித்தளத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அடி வளைந்து விரிந்தால் அலை அதைப் பற்றி மேலேறும். டக்ளஸ் அகன்ற, செங்குத்தான உருளையை வைத்தார். அலை அதில் மோதி உடைகிறது.

1873 மார்ச் 10 அன்று விளக்கு ஏற்றப்பட்டது. 2004 சுனாமியிலும் கோபுரம் சாயவில்லை.