உஷார்! நிலத்தை எழுதிக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வயதானவர்களை வைத்துப் பார்ப்பதற்கான கூலி பெரும்பாலும் பணமாகக் கைமாறுவதில்லை, நிலமாகத்தான் கைமாறுகிறது. "அம்மாவை நான் வெச்சுப் பாத்துக்கறேன், அந்த ஒன்றரை ஏக்கரை என் பேருக்கு எழுதிடட்டும்" என்று ஒரு பிள்ளை சொல்லும். சென்னையிலும் துபாயிலும் இருக்கும் மற்ற பிள்ளைகள் போனிலேயே சரி என்று சொல்லிவிடுவார்கள். நல்ல நாள் பார்த்து சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் காரியத்தை முடித்துவிடுவார்கள். அது மக்காச்சோளக் காடாக இருக்கலாம், பருத்திக் காடாக இருக்கலாம், சுண்ணாம்புக்கல் பூமியில் விலை ஏறிக் கிடக்கும் துண்டு நிலமாகவும் இருக்கலாம். கைரேகை வைத்துவிட்டு வெளியே வரும் அந்த அம்மாவிடம் அதற்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது? மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. அதுவும் கிடைத்தால்தான்.

அந்தத் தான செட்டில்மென்ட் பத்திரத்தை வாங்கி வரிவரியாகப் படித்துப் பாருங்கள். அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதிக் கொடுப்பதாக இருக்கும். இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டதாக இருக்கும். எக்காலத்திலும் எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்வதில்லை என்று அழுத்தமாக இருக்கும். சோறு, மருந்து, தங்க இடம் இவற்றை யார் தருவது, எதுவரை தருவது என்பது பற்றிப் பல பத்திரங்களில் ஒரு வரிகூட இருக்காது. அந்த வாக்குறுதி திண்ணையில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. பத்திரத்துக்குள் அது வரவே இல்லை. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க அதன் 23-வது பிரிவு இடம் தருகிறது. "சட்டம்தான் இருக்கே" என்று யாரும் நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். அந்த நிபந்தனை இருந்தது என்பதைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் ஒரு தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர் கையில் ஒரு தாள் இருந்தது. கடைசிவரை பார்த்துக்கொள்வேன், தவறினால் சொத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மகன் எழுதியதாகச் சொல்லப்பட்ட உறுதிமொழித் தாள் அது. 2019-ல் எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற, அந்தத் தாள் இருந்தும் 2025 வரை ஆனது.

நமக்குப் பக்கத்திலேயே, நாகப்பட்டினத்திலிருந்து போன ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் இன்னும் ஒரு படி இறங்கி வந்தது. பாசத்தோடு எழுதிக் கொடுத்ததிலேயே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று கொண்டு, மகனுக்கு மூதாட்டி எழுதிய செட்டில்மென்ட் ரத்தானதை உறுதி செய்தது. மனசுக்கு ஆறுதல் தரும் தீர்ப்பு. ஆனாலும் எழுபத்தைந்து வயதில் கோர்ட்டுக்கு நடந்து நியாயம் வாங்கும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கிறது? ஒரு வரி எழுதாததால் வரும் அலைச்சல் இது.

ஆகவே பத்திரம் எழுதுபவரிடம் இப்படிக் கேளுங்கள்: "என் ஆயுள் முழுக்க சாப்பாடு, துணிமணி, மருத்துவச் செலவு, இந்த வீட்டிலேயே இருக்க இடம் எல்லாம் தரணும், தவறினால் பத்திரம் ரத்தாகும்னு எழுதுங்க." விளைச்சலையோ வாடகையையோ சாகும்வரை அனுபவிக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டும் எழுதலாம். "அதெல்லாம் எழுதுனா நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடும்மா" என்று யாராவது தடுத்தால், அந்த ஆள் மீதுதான் கண் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் உயிரோடு இருக்கும்போது செட்டில்மென்ட்டே வேண்டாம், உயில் போதும் என்பேன். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

நிலத்தைக் கொடுக்காமல் பணம் கொடுத்துப் பார்ப்பவர்கள் ஏமாறும் வழி வேறு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் என்று ஒன்று பல வருடம் நடந்தது. திருப்பூரைச் சேர்ந்த முதியவர் ஒருவரை 2021-ல் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அமெரிக்காவில் இருந்த உறவினர் பிறகு தேடி வந்தபோது ஆள் அங்கே இல்லை. பெங்களூருக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள், அங்கேயும் இல்லை. ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், 2023 பிப்ரவரியில், அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். முறையான உரிமம் இல்லை. 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். பாலியல் வன்கொடுமைப் புகார்கள் வெளிவந்தன. நடத்தியவர்கள் கைதானார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இத்தனையும் நம் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில்!

எந்த இல்லமாக இருந்தாலும் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குவதை எட்டி நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு மாவட்ட சமூகநல அலுவலகத்தில் காட்டி, இது நடப்பில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பணத்தை இல்லத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள், யாருடைய சொந்த ஜிபே எண்ணுக்கும் வேண்டாம். அட்வான்ஸ் எவ்வளவு திரும்ப வரும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் செலவு யாருடையது, வேறு இடத்துக்கு மாற்றுவதானால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் தாளில் இருக்கட்டும். சொல்லாமல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரையாவது போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

வீட்டில் ஆள் வைத்துப் பார்ப்பவர்கள் வீடியோ காலை நம்பி ஏமாறுகிறார்கள். தலை வாரி, நெற்றியில் விபூதி இட்டு, புதுத் துண்டு போர்த்தி முகத்தைக் காட்டுவார்கள். "அப்பா நல்லாதான் இருக்காரு" என்று பிள்ளையும் போனை வைத்துவிடும். எழுந்திருக்க முடியாதவர் என்றால் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. அவரைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். படுக்கைப்புண் பெரும்பாலும் வருவது அங்கேதான். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தாலே ஆபத்து, தோல் உரியும்வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாமல் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

இந்த ஆள் கூலியை மருத்துவக் காப்பீடு தந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சாதாரணப் பாலிசிகள் ஆஸ்பத்திரிச் செலவுக்கானவை. ஆயா சம்பளமும் டயப்பர் செலவும் கைக்காசுதான். இலவசமாகக் கிடைப்பதையாவது விடாதீர்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

இன்னொன்று, பெரியவரின் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் இருக்கவே கூடாது. கைரேகை மெஷினோடு வீட்டுக்கு வந்து பணம் எடுத்துத் தருபவரிடம் ஒவ்வொரு முறையும் ரசீது கேளுங்கள். ஒரு முறை விரல் வைத்து "பதியலை, இன்னொரு தடவை வைங்க" என்றால், முதலில் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் விரல் வைக்கட்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது சோற்றுக்குத் தவிப்பவர்கள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அந்த 2007 சட்டப்படி பராமரிப்புத் தீர்ப்பாயம் கோட்டாட்சியர்தான். பெரம்பலூர் மாவட்டத்துக்குப் பெரம்பலூரிலும், அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், உடையார்பாளையம் என இரண்டு இடத்திலும் கோட்டாட்சியர் இருக்கிறார். வக்கீல் இல்லாமலேயே மனு கொடுக்கலாம். நடக்க முடியாதவருக்காக அவர் சம்மதத்தோடு வேறொருவர் கொடுக்கலாம். பிள்ளை இல்லாதவர்கள் தங்கள் சொத்தை அடையப்போகும் உறவினர் மீதும் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் போடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு, அந்த மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். பத்திர நகல், ஆதார், மருந்துச் சீட்டுகளோடு போங்கள். வழி தெரியவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.